உத்திரமேரூர்க் குடமும் உரோமையின் குன்றும்

தவக்காலத்து ஞாயிறுகளில் மறைக்கல்வி வகுப்பில் ஆண்டவரின் பாடுகளைப் படிக்கையில், பிலாத்துவின் பெயர் வந்ததும் சிறுவர்களிடமிருந்து ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. "பிலாத்துவை யார் அனுப்பினார்கள்?" உரோமைப் பேரரசன் என்று சொல்லி மேலே செல்வது நம் வழக்கம். 2019 ஆம் ஆண்டில் நம் பங்கைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அத்துடன் நம்மை விடவில்லை. "பேரரசனுக்கு முன்னால் உரோமையில் ஓட்டுப் போட்டார்களாமே பாதர், அது எப்படி வந்தது? நம்ம பக்கத்தில் அப்படி ஏதாவது இருந்ததா?" என்றான்.

முதற் கேள்விக்கு விடை சொல்வது நமக்கு எளிதாயிருந்தது. குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு போராடிய நாள்களில் லிவி என்னும் சரித்திர ஆசிரியரைச் சிறிது பயின்றிருந்தோம். உரோமையை முதலில் மன்னர்களே ஆண்டனர் என்பது மரபு. மன்னர் எழுவர், கடைசி மன்னன் தார்க்குவின் கொடுங்கோலன். கி.மு. 509 இல் அவனை விரட்டிவிட்டு, இனி ஒருவன் கையில் முழு அதிகாரமும் இருத்தலாகாது என்று இரண்டு கான்சல்களை ஏற்படுத்தினர். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம்; இருவருக்கும் பதவி ஓராண்டுதான். பக்கத்தில் செனட் என்னும் மூத்தோர் அவை. மக்கள் கூடி வாக்களிக்கும் பேரவைகளும் உண்டு. ஆனால் அவற்றுள் தலைமையானதில் வாக்குகள் தனித்தனியே எண்ணப்படவில்லை. பிரிவு பிரிவாக எண்ணப்பட்டன. 193 பிரிவுகளுள் 98 செல்வர்களுக்கு உரியவை. அவர்கள் ஒருமித்துவிட்டால் ஏழைகளின் முறை வருமுன்பே தேர்தல் முடிந்துவிடும்!

இரண்டாவது கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலாமல் விழித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உரோமையின் ஏழு குன்றுகளையும் பெயர் சொல்லும் நாம், தாம்பரத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்று சேரக்கூடிய உத்திரமேரூரை அதுவரை கண்ணால் கண்டதில்லை. அவ்வாண்டு கோடை விடுமுறையில் இளைஞர் பன்னிருவரோடு புறப்பட்டோம். செங்கற்பட்டு வரையில் மின்தொடர் வண்டி; அங்கிருந்து பேருந்து.

ஊரின் நடுவே வைகுண்டப் பெருமாள் கோவில் என வழங்கும் கற்றளி இருக்கிறது. கிராம சபை கூடியது இங்குள்ள மண்டபத்தில்தான் என்பர். சுவரெங்கும் எழுத்துகள். அவற்றுள் இரண்டு கல்வெட்டுகளே இவ்வூரை உலகறியச் செய்தவை. சோழ மன்னன் முதற் பராந்தகனின் 12 ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919 இல் வெட்டப்பட்டது ஒன்று; 14 ஆம் ஆண்டில், 921 இல் வெட்டப்பட்டது மற்றொன்று. கல்வெட்டுத் துறையினர் 1898 இல் இவற்றைப் படியெடுத்தபின், இவற்றைப் பற்றி எழுதாத தென்னாட்டு வரலாற்று ஆசிரியர் இல்லை எனலாம். உரோமையின் தொடக்க காலத்தைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்கள் சொல்லித் தெரிந்தது. கதை எது, நடந்தது எது என்று பிரிப்பது கடினம். இங்கோ சபையார் தாம் செய்த முடிவைத் தாமே அன்றே கல்லில் பொறித்து வைத்தனர்.

என்ன பொறித்தனர்? ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். இன்று வார்டு என்கிறோமே, அதுதான் குடும்பு. ஒவ்வொரு குடும்பினரும் கூடித் தகுதியுடையோரின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுத வேண்டும். தகுதிகள் யாவை? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி அதில் குடியிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றுப் பிறருக்கு ஓதுவிப்பவனாக இருத்தல் வேண்டும். மேற்கொண்டு கற்றவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும். காரியத்தில் வல்லவனாகவும், நல்வழியில் பொருள் ஈட்டியவனாகவும், மனத்தூய்மை உடையவனாகவும் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருத்தலாகாது. 919 ஆம் ஆண்டு ஏற்பாட்டில் வயது வரம்பு முப்பது முதல் அறுபது வரை என்றிருந்தது. இரண்டே ஆண்டில் அதை மாற்றியிருக்கின்றனர். ஒரு முறையைச் செய்து பார்த்து, குறை கண்டு, திருத்திக்கொள்ளும் அறிவு அவர்களிடம் இருந்தது.

தகுதியைவிடத் தகுதியின்மைப் பட்டியல்தான் நம்மை நெடுநேரம் அங்கே நிறுத்தி வைத்தது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் பெயர் குடத்தில் விழாது. பொய்யாவணம் எழுதியவன் பெயர் விழாது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் விழாது. அவன் பெயர் மட்டுமா? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், தாயுடன் பிறந்த மாமன், தந்தையுடன் பிறந்தார், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன் எனச் சுற்றம் முழுவதையும் ஒருவர் விடாமல் எழுதி, இவர்கள் எவரும் ஆகார் என்று தள்ளிவிட்டனர். தன் பெயரில் முடியாதபோது மைத்துனன் பெயரில் பதவியைப் பிடிக்கும் வித்தை பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது போலும்! இல்லாத நோய்க்கு எவரும் மருந்து அரைப்பதில்லை அல்லவா?

தகுதியுள்ளோர் ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் வாயோலை இட்டுக் குடத்தில் போடுவர். குறித்த நாளில் பாலர் விருத்தர் உள்ளிட்ட மகாசபை முழுவதும் கூடும். அன்று ஊரிலுள்ள நம்பிமார், அதாவது கோவில் பூசகர்கள், ஒருவர் தவறாமல் வந்து அமர்தல் வேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, வேறொரு வெறுங்குடத்தில் அவிழ்த்திட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அச்சிறுவன் எடுக்க, மத்தியஸ்தன் அதை வாங்குவான். எப்படி வாங்குவான்? ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்! விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கலாமே என்ற ஐயத்துக்கும் இடம் வைக்கவில்லை. அவன் உரக்கப் படித்தபின் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதையே வாங்கிப் படிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். உரோமையர் எழுத்து வாக்குமுறைக்கு வந்தது கி.மு. 139 இல்தான்; அதுவரை வாயால் சொல்லியே வாக்களித்தனர். எளியவன் ஒருவன் தன் புரவலனின் முகத்துக்கு நேரே வேறு பெயரை எப்படிச் சொல்வான்?

இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். அவர்களுள் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களும் ஆகிய பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கு. அதுவே ஆண்டு முழுவதும் ஊர்க்காரியங்களைக் கவனிக்கும் வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு. அறுவர் ஏரி வாரியத்துக்கு. பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியமும், பஞ்சவார வாரியமும் தனியே உண்டு. பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். இடையில் குற்றம் காணப்பட்டால் அன்றே நீக்கம். கணக்கு எழுதுகிறவன் தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்டி, தூயவன் எனப்பட்ட பின்னரே மீண்டும் கணக்கு எழுதலாம். ஒருவன் எழுதிய கணக்கை முடிக்க மற்றொருவன் புகுதல் கூடாது. மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல், இந்தச் சுவரிலிருந்துதான் நம்மோடு பேசுகிறது.

சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பதா என்று இளைஞருள் சிலர் சிரித்தனர். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் எப்படித் தேர்ந்தனர் என்று கேட்டோம். சிரிப்பு நின்றது. திருத்தூதர் பணிகளின் முதல் அதிகாரத்தில் நடந்ததும் இதே ஒழுங்குதான்: முதலில் தகுதி வகுத்தனர், தகுதியுள்ள இருவரை நிறுத்தினர், பின்னர்ச் சீட்டுப் போட்டனர். திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மார் அவையில் வாக்குகளை எண்ணுவோரை இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கின்றனர். நன்றாகச் சலித்தெடுத்த பின் போடும் சீட்டு, சூதாட்டம் ஆகாது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உத்திரமேரூரைப் பேசும்போது நம்மவர் அளவுக்கு மீறிப் பெருமை பேசிவிடுவதும் உண்டு. உலகில் முதன்முதல் மக்களாட்சி கண்டது இவ்வூரே என்று மேடையில் முழங்குவர். கிரேக்க நாட்டு ஆதன்ஸ் நகரத்தார் இதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சீட்டுப் போட்டு அதிகாரிகளை எடுத்தனர். நம் நாட்டிலேயே திருநெல்வேலிச் சீமையின் மானூர்க் கல்வெட்டு, சபையில் யார் இருக்கலாம் என்ற விதிகளை இதற்கு நூறாண்டுக்கு முன்பே சொல்கிறது. உத்திரமேரூர் குடியரசும் அன்று. மேலே மன்னன் இருந்தான். இரண்டு கூட்டங்களிலும் மன்னனின் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்தார்; 919 இல் தத்தனூர் மூவேந்தவேளான், 921 இல் சோமாசிப்பெருமான் என்னும் பெயருடையவர். ஊரில் தீயவர் அழிந்து நல்லவர் தழைக்கவே இந்த ஏற்பாடு என்று கல்வெட்டு முடிகிறது. ஆகவே அதற்கு முன் ஏதோ கெடுதல் நடந்திருக்கிறது. அது என்ன என்று கல் சொல்லவில்லை.

இவ்வளவும் விளக்கிவிட்டு மண்டபத்தின் நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கேள்வி கேட்ட அதே சிறுவன் நம் அருகில் வந்து உட்கார்ந்தான். அவன் பாட்டனார் மதுராந்தகம் பக்கத்துச் சேரியிலிருந்து தாம்பரம் வந்து சுமை தூக்கிப் பிழைத்தவர். நாமே அவருக்கு நோயில்பூசுதல் கொடுத்து அடக்கம் செய்தோம்.

"அந்தக் குடத்துல எங்க தாத்தாவோட தாத்தா பேரை எழுதியிருப்பாங்களா, பாதர்?"

"இல்லை, தம்பி" என்றோம். வேறு என்ன சொல்வது? இது பிராமணர்க்கு மன்னர் அளித்த பிரமதேய ஊர். சபையில் இருந்தவர் நிலமும் வேதமும் உடையவர் மட்டுமே. தாழ்ந்தோர் எனத் தள்ளப்பட்டவரோடு பழகியவன் கூட, அதற்குக் கழுவாய் செய்யும் வரை விலக்கி வைக்கப்பட்டான். வெள்ளாளர் வாழ்ந்த ஊர்களில் 'ஊர்' என்ற அவையும், வணிகருக்கு 'நகரம்' என்ற அவையும் இருந்தன. அவற்றிலும் நிலத்தில் இறங்கி உழைத்தவனுக்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை. ஏரியைக் காக்க அறுவரைத் தேர்ந்தெடுத்தனர் என்று கல் பேசுகிறது. அந்த ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பெயரை அது பேசவில்லை. பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சும்மா இருந்தான். நமக்கு லிவி எழுதிய ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதை அவனுக்குச் சொன்னோம்.

மன்னனை விரட்டிய பதினைந்து ஆண்டுகளுக்குள் உரோமையின் ஏழை மக்கள் கண்ட உண்மை இது: மன்னன் போனான், உயர்குடியார் அவ்விடத்தில் அமர்ந்தனர். கடன்பட்டவனைக் கடன் கொடுத்தவன் அடிமையாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்பது சட்டம். போருக்கு மட்டும் ஏழை வேண்டும். கி.மு. 494 இல் அவர்கள் ஆயுதம் எடுத்துச் சண்டையிடவில்லை. மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு வெளியேறிப் புனிதக் குன்று என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டனர். உழவும் போரும் நின்றுபோயின. நடுங்கிப்போன செனட், மெனேனியு அகிரிப்பா என்பவரைத் தூது அனுப்பியது. அவர் ஓர் உவமை சொன்னாராம். உடலின் உறுப்புகள் எல்லாம் வயிற்றின்மீது பொறாமை கொண்டு, இனி அதற்கு உணவு கொடுப்பதில்லை என்று முடிவு செய்தன. முடிவில் எல்லா உறுப்புகளுமே வாடின. ஆகவே வயிறாகிய செனட்டோடு இணங்கிப் போங்கள் என்பது பொருள்.

கதை சாமர்த்தியமானதுதான். ஆனால் உவமையைக் கேட்ட மாத்திரத்தில் மக்கள் இறங்கி வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தங்களைக் காக்கத் தங்களிலிருந்தே ஆண்டுதோறும் திரிபூன்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும், அவர்கள்மேல் எவரும் கைவைக்கலாகாது என்ற உறுதியும் பெற்றே திரும்பினர். பின்னர் கி.மு. 450 அளவில் சட்டங்களைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதி எல்லாரும் காண வைத்தனர். 445 இல் இரு வகுப்பாருக்குள்ளும் மணவுறவு செல்லும் என்றாயிற்று. 367 இல் கான்சல் பதவியே அவர்களுக்குத் திறந்தது. குன்றேறியவர்களின் பேரர்களும் அதைக் காணவில்லை. அத்தனை தலைமுறை ஆயிற்று.

அதே உடல் உவமையைப் பவுலடியாரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 12 ஆம் அதிகாரத்தில் கையாள்கிறார். ஆனால் எவ்வளவு வேறுபாடு! மெனேனியு கை கால்களைப் பார்த்து வயிற்றுக்கு அடங்குங்கள் என்றார். பவுலடியார் தலையைப் பார்த்து, கால்கள் எனக்குத் தேவையில்லை என்று நீ சொல்ல முடியாது என்கிறார். எளிய உறுப்புக்கே மிகுந்த மதிப்புத் தர வேண்டும் என்கிறார்.

"நம்ம ஆளுங்க ஏன் பாதர் குன்று ஏறலை?" என்றான் சிறுவன். ஏறியிருக்கலாம், அதைக் கல்லில் எழுதும் உளி அவர்கள் கையில் இருக்கவில்லை என்றோம். மாலையில் ஊர் ஏரியின் கரையில் சிறிது நடந்துவிட்டுத் திரும்பினோம்.

ஏரி என்றதும் தாம்பரத்தார் மனம் எங்கே போகும் என்பது தெரிந்ததே. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை என ஏரிகளின் நடுவே குடியேறியவர்கள் நாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களும் மூழ்கியபோது, எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று கேட்டு அலைந்தோம். ஏரி வாரியத்தின் அருமை அப்போது தெரிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் காலமும் முடிந்தது. வழக்குகளாலும் வார்டு மறுவரையறையாலும் தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், நகர்ப்புறங்களில் 2022 வரை நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் குப்பைக்கும் குடிநீருக்கும் அதிகாரிகளே பொறுப்பு. முந்நூற்று அறுபது நாளுக்கு ஒருமுறை குடத்தை உயர்த்திப் பிடித்த ஊர் நமக்கு மிக அண்மையில்தான் இருக்கிறது!

2021 இல் தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், பம்மல், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. எழுபது வார்டுகள். 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல். அன்று பக்கத்துச் சென்னை மாநகராட்சியில் வாக்களித்தவர் நூற்றுக்கு 44 பேரும் இல்லை. பாலரும் விருத்தரும் திரண்ட மகாசபையின் நினைவோடு இதைப் படிக்கையில் நமக்கு வெட்கமாயிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து சங்கீர்த்தியில் உடை களைந்துகொண்டிருந்தபோது அவன் வந்தான். பதினெட்டு நிறைந்துவிட்டது, விரலில் மை. அந்த விரலை நம் முன் நீட்டிக் காட்டினான். தாம்பரம் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டதை அவன் அறிந்திருந்தான். மார்ச்சு மாதத்தில் அப்பதவியில் அமர்ந்தவர் இருபத்தைந்து வயதுப் பெண். உத்திரமேரூர்க் கல்லின்படி, நிலத்தாலும் குலத்தாலும் வயதாலும் பெண்ணாய்ப் பிறந்ததாலும் அவர் பெயர் குடத்தருகே வந்திருக்க முடியாது.

அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள். அன்றுதான் நகர்ப்புறங்களிலும் கிராம சபை போல் பகுதி சபைகள் முதன்முறை கூடின. பம்மலில் நடந்த சபைக்கு முதலமைச்சரே வந்து மக்களிடையே அமர்ந்தார். நம் இளைஞனும் தன் பகுதியில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்தான். என்ன பேசினாய் என்று கேட்டோம்.

"பேசலை, பாதர். ஒண்ணுதான் கேட்டேன். எங்க தெரு வடிகாலுக்குச் செலவான கணக்கு எங்கே பார்க்கலாம்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

"அடுத்த கூட்டத்துல சொல்றாங்களாம். நான் தேதியைக் குறிச்சு வச்சிருக்கேன்."